மங்கலுக்கு வக்காலத்து

1960இல் ஊட்டியில் தொடங்கி, அம்பத்தூரிலும் ஒரு பிரிவு வைத்திருந்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் மூடியாயிற்று. பழிபோட உள்ளூர் பிலிம் இல்லை. ஆகவே மங்கிய படத்துக்கு இப்போது ‘நவீனம்’ என்று பெயர். ஆவடியில் ஷிப்ட் விட்டு வருகிறவனின் முகத்தை அழித்துவிட்டுக் கோட்பாடு பேசுகிறார்கள். வ்யூபைண்டரில் துல்லியமாகத் தெரிந்த முகம் நெகட்டிவில் கலங்கினால் அதில் தரிசனம் எங்கே வந்தது? பெரும்பாலும் மிரர் 45 டிகிரியிலிருந்து நழுவியிருக்கும். அல்லது போகஸிங் ஸ்கிரீன் சரியாக உட்கார்ந்திராது. லென்ஸிலிருந்து ஸ்கிரீனுக்கும் பிலிமுக்கும் ஒரே தூரம் வேண்டும். பின்கதவைத் திறந்து, பிலிம் படியும் இடத்தில் தேய்த்த கண்ணாடித் துண்டை வைத்து, ஷட்டரை ‘பி’யில் பிடித்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். (யார் பார்க்கிறார்கள்?) ஸ்கிரீனின் கோடுகளே கலங்கித் தெரிந்தால் கோளாறு கண்ணில். அதற்குக் கண் டாக்டர் போதும், விமர்சகர் வேண்டாம்.