இ-20 பெட்ரோலும் பழைய காரும்: புது கார்புரேட்டர் மாட்டினா மட்டும் போதுமா?

வீட்டுல தாத்தா வாங்கிய அம்பாஸடர், அப்பாவோட பத்மினி, இல்லைன்னா கார்புரேட்டர் காலத்து மாருதி 800 நிக்குதா? அப்போ இந்தக் கேள்வி உங்களுக்குத்தான். ஸ்டார்ட் ஆக நேரமாகுது, பிக்கப் கொடுத்தா வெட்டுது, மைலேஜ் குறையுதுன்னு பல ஓனர்கள் புலம்புறாங்க. "பழைய கார்புரேட்டர் போயிடுச்சு போல" என்று ஆன்லைனில் புதுசு ஒன்றை ஆர்டர் பண்ணி மாட்டுகிறார்கள். அதுக்கப்புறமும் அதே தொல்லை. ஏன்? பல நேரம் மாறியது கார்புரேட்டர் இல்லை, பெட்ரோல்!

பங்க்ல என்ன நடந்தது?

2022 ஜூனில் நாடு 10% எத்தனால் கலப்பை எட்டியது. 20% கலந்த இ-20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமானது. 2030-க்கு வைத்திருந்த இலக்கு முன்னுக்கு இழுக்கப்பட்டு, 2025-லேயே எட்டப்பட்டது. இப்போது சாதாரண பங்க்கில் கிடைப்பதே இதுதான்.

நோக்கம் தப்பு என்று சொல்லிவிட முடியாது. கச்சா எண்ணெய் இறக்குமதி குறையும், கரும்பு, மக்காச்சோள விவசாயிக்குக் காசு போகும். வாசுதேவநல்லூர், சிவகிரி பக்கம் கரும்பு போடும் தென்காசி மாவட்டத்துக்கு இது புரியாத விஷயம் இல்லை. ஆனால், அதே மாவட்டத்தில் ஓடும் பழைய காருக்கு இதனால் என்ன ஆகுது என்பதுதான் நம்ம கேள்வி.

கார்புரேட்டருக்கு எத்தனால் தெரியாது

ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும், அதுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கு. இ-20 என்றால் கணக்கு சுமார் 13.5. அதாவது, அதே அளவு காற்றுக்கு கிட்டத்தட்ட 9% கூடுதல் எரிபொருள் தேவை.

இன்றைய கார்களில் சைலன்ஸர் பக்கம் உள்ள ஆக்சிஜன் சென்ஸர் இதைக் கண்டுபிடித்துச் சொல்லும், கம்ப்யூட்டர் எரிபொருளைக் கூட்டிக்கொடுக்கும். கார்புரேட்டரில் இருப்பது பித்தளை ஜெட்டில் போட்ட ஒரு துளை, அவ்வளவுதான். அன்றைய பெட்ரோலுக்குப் போட்ட துளை, இன்றைய பெட்ரோலுக்குச் சின்னது. விளைவு, கலவை 'லீன்' ஆகிறது. இன்ஜின் சூடாகும், ஏற்றத்தில் திணறும். எத்தனாலால் ஆக்டேன் கூடுவது உண்மைதான். ஆனால், குறைந்த கம்ப்ரஷன் உள்ள பழைய இன்ஜினுக்கு அதில் பெரிய லாபம் இல்லை.

இது ஓனர்களின் கற்பனையும் இல்லை. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து, 10% கலப்புக்கு ட்யூன் செய்த கார்களில் இ-20 போட்டால் மைலேஜ் 6 முதல் 7% குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. அதைவிட மூத்த கார்கள்தான் நம்ம வீட்டு வாசலில் நிற்பவை.

மாட்டுறதுக்கு முன்னாடி

வெளி மார்க்கெட் கார்புரேட்டர் எதுவும் உங்க காருக்கென்று ட்யூன் ஆகி வருவதில்லை. மாட்டும் முன் இதையெல்லாம் முடிச்சிடுங்க:

* டேப்பெட், பாயின்ட் கேப், இக்னிஷன் டைமிங், பிளக். இவை சரியில்லாமல் கார்புரேட்டரை எவ்வளவு திருகினாலும் வேலைக்கு ஆகாது.
* பழைய ரப்பர் பெட்ரோல் ஹோஸ்களை எத்தனால் தாங்கும் ஹோஸ்களாக மாற்றுங்க. எத்தனால் பழைய ரப்பரை உப்ப வைக்கும், இளக்கும். சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டினால் தீ விபத்துதான்.
* பழைய இரும்பு டேங்க்கில் இருக்கும் துரு, புது கார்புரேட்டரின் ஜெட்டை அடைக்கும். டேங்க்கைக் கழுவி, புது ஃபில்டர் போடுங்க.
* அடியில் புது பேக்கிங் வைத்து, நட்டுகளை இரு பக்கமும் மாற்றி மாற்றிச் சமமாக இறுக்குங்க. ஒரு பக்கம் மட்டும் இறுக்கினால் ஃபிளாஞ்ச் வளைந்து காற்று உள்ளே போகும்.
* ஆக்ஸிலரேட்டரை முழுசா மிதித்தால் த்ராட்டில் முழுசா திறக்கணும், விட்டால் ஒட்டாமல் மூடணும். சோக்கும் அப்படித்தான்.

ட்யூனிங்: ஸ்க்ரூ வேற, ஜெட் வேற

இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, சோக்கை முழுசா எடுத்துவிடுங்க. மிக்ஸர் ஸ்க்ரூவை மெதுவாக முழுக்க மூடி, ஒன்றரை சுற்று திறந்து ஆரம்பிக்கலாம். அங்கிருந்து கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பி, இன்ஜின் வேகமாகவும் சீராகவும் ஓடும் இடத்தில் நிறுத்துங்க. பிறகு ஐடில் ஸ்க்ரூவால் வேகத்தைக் குறைங்க. இதையே இன்னொரு தடவை செய்யணும்.

பலரும் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். இங்கதான் சிக்கல். மிக்ஸர் ஸ்க்ரூ கவனிப்பது ஐடிலையும் மெதுவான ஓட்டத்தையும் மட்டும்தான். ரோட்டில் ஓடும்போது பெட்ரோல் தருவது மெயின் ஜெட். சோலெக்ஸ், வெபர் வகைகளில் ஜெட்டில் 115 என்று இருந்தால், துளை 1.15 மி.மீ. அதை 120 ஆக்கினால் துளையின் பரப்பு சுமார் 9% கூடும். இ-20 கேட்கும் கூடுதலும் ஏறக்குறைய அதுதான். உங்க காருக்கு எது சரி என்பதை ஓட்டித்தான் முடிவு செய்யணும். ஆனால், துளையைக் கம்பி விட்டுப் பெருசாக்க வேண்டாம், ஜெட்டையே மாத்துங்க.

தென்காசிக்காரர்களுக்கு டெஸ்ட் டிராக் பக்கத்திலேயே இருக்கு. புளியரை எஸ் வளைவு ஏறி ஆரியங்காவு வரை போய் வந்து பிளக்கைக் கழற்றிப் பாருங்க. வெளுத்திருந்தால் லீன், கரி பிடித்திருந்தால் ரிச், இளம் பழுப்பு என்றால் ஓகே.

இன்னொரு வழி, புகை பரிசோதனை மையம். பி.எஸ்-2-க்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்கு ஐடிலில் கார்பன் மோனாக்ஸைடு 3% வரை, ஹைட்ரோகார்பன் 1,500 பி.பி.எம் வரை அனுமதி. சர்டிபிகேட் வாங்கியதும் கிளம்பாமல், அந்த எண்களைப் படிங்க. மிக்ஸர் ஸ்க்ரூ எங்கே நிற்கிறது என்பதை அவை சொல்லிவிடும்.

சாரல் காற்றும் டேங்க்கும்

குற்றாலத்துக்கென்று தனியாக ஒரு பிரச்னை உண்டு. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை செங்கோட்டை கணவாய் வழியாக வரும் ஈரக்காற்றில், அரை டேங்க்கோடு வாரக்கணக்கில் நிற்கும் காருக்கு இது ஆபத்து. தண்ணீர் ஓர் அளவைத் தாண்டினால், எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கும். இன்ஜினுக்கு முதலில் போவதும் அதுதான். டேங்க்கும் கார்புரேட்டர் கிண்ணமும் அரிக்கும். சீஸனில் கொஞ்ச நாள் காரை எடுக்கப் போறதில்லைன்னா டேங்க்கை நிரப்பி வைங்க, கார்புரேட்டர் கிண்ணத்தைக் காலி பண்ணிடுங்க. மாசக்கணக்கில் நிற்கும் என்றால் டேங்க்கையே வடித்துவிடுவது நல்லது.

செலவு யார் தலையில்?

ஜெட், ஹோஸ், பேக்கிங், லேபர்... எல்லாம் ஓனர் பாக்கெட்டில் இருந்துதான். சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கி.மீ ஓடியபின் ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டியிருக்கலாம் என்று பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் சொன்னது. அதே மாதம், 20 வயது தாண்டிய கார்களுக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 10,000 ரூபாய் ஆனது. எத்தனால் கலக்காத பெட்ரோலும் கிடைக்க வேண்டும் என்ற பொதுநல வழக்கை உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்தது.

50 வயது தாண்டிய கார்களை 'விண்டேஜ்' என்று பதிய 2021 விதிகள் வழி செய்கின்றன. ஆனால், அவற்றை அன்றாடம் ஓட்ட முடியாது. கடைசி பத்மினிகளும் கார்புரேட்டர் மாருதி 800-களும் இன்னும் அந்த வயசுக்கு வரவில்லை. பாரம்பரியம் என்ற மரியாதை இல்லை, புதுசு என்ற வசதியும் இல்லை. நடுவில் மாட்டிக்கொண்டவை இந்தக் கார்கள்தான்.

கட்டணம் வாங்கிக்கொண்டு ரோட்டில் ஓட அனுமதிக்கும் அரசு, ஏற்ற பெட்ரோல் எங்கே கிடைக்கும் என்றும் சொல்ல வேண்டாமா? மாவட்டத்துக்கு ஒரு பங்க்கிலாவது கலப்பு குறைந்த பெட்ரோல் கேட்பது பேராசை இல்லை. அது வரும்வரை நம்மிடம் இருப்பது, காதால் கேட்டே லீன், ரிச் சொல்லும் பழைய மெக்கானிக்குகள்தான். கார்புரேட்டரை ஆன்லைனில் வாங்கிடலாம். அந்தக் காதை வாங்க முடியாது. அடுத்த முறை கார் வொர்க்‌ஷாப்புக்குப் போகும்போது, சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிடாதீங்க. பக்கத்தில் நின்று கத்துக்கோங்க!