மரைக்காயரே, மரக்கலம் எங்கே?

சம்பந்தம் பேசும்போது "மாப்பிள்ளை தொழுகையாளியா?" என்று கேட்பவர் குறைவு. "மரைக்காயரா, ராவுத்தரா?" என்று கேட்பவரே அதிகம். எங்கிருந்து வந்தன இந்தப் பெயர்கள்?

மரக்கலம் என்ற சொல்லிலிருந்தே மரைக்காயர் வந்தது என்பர். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், காரைக்கால் எனக் கடலோரமெங்கும் இப்பெயர் உண்டு. கேரளத்தில் அதுவே மரைக்கார், இலங்கையில் மரிக்கார். போர்ச்சுக்கீசியரைக் கடலில் எதிர்த்து, 1600இல் கோவாவில் கொல்லப்பட்ட நான்காம் குஞ்ஞாலி மரைக்காரும் இப்பெயருக்கு உரியவரே. குதிரை ஏறியவர் ராவுத்தர்; மார்க்கம் போதித்தவர் லெப்பை. அத்தனையும் தொழிலைச் சொன்ன பெயர்கள். பிறப்பின் உயர்வு தாழ்வைச் சொன்னவை அல்ல!

இன்று கப்பல் எங்கே? குதிரை எங்கே? ஒரே கடைத்தெருவில் வியாபாரம் செய்கிறோம். ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நிற்கிறோம். நிகாஹ் என்றால் மட்டும் இடையில் சுவரா? தமிழக அரசின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலே ராவுத்தரையும் மரைக்காயரையும் லெப்பை என்ற ஒரே தலைப்பில் சேர்த்திருக்கிறது. 2007இல் வந்த 3.5 சதவிகித இடஒதுக்கீட்டுக்கு ஒரே சமுதாயம். பெண் கொடுக்க மட்டும் வேறு வேறு சமுதாயமா?

குலமும் கோத்திரமும் அறிமுகத்துக்கே, கண்ணியம் இறையச்சத்தில்தான் என்று அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 13ஆம் வசனம் தீர்ப்பளித்துவிட்டது. அதற்கு மேல் ஒரு தீர்ப்பு உண்டா?

இளைஞர்களே! பாட்டனாரின் பட்டத்தைப் பெயரோடு போடுங்கள்; தவறில்லை. அதைக் காட்டிச் சம்பந்தத்தைத் தட்டுவோரை உங்கள் ஜமாஅத்திலேயே எழுந்து நின்று கேளுங்கள். சிந்திப்பீர்! செயல்படுவீர்!