மான் வேட்டைக்காரன் தலையில் கட்டும் சோலார் பேனல்

அமெரிக்காவில் கொலராடோ, வயோமிங், மொன்டானா, ஐடஹோ பக்கம் அக்டோபர் வந்தால் எல்க் வேட்டை களைகட்டிவிடும். எல்க் என்பது நம் மிளாவுக்குப் பெரியண்ணன் மாதிரி ஒரு மான். நன்றாக வளர்ந்த கடா 300 கிலோவைத் தாண்டும். ரோட்டிலிருந்து பல மைல் நடந்து, டவரே இல்லாத மலையில் ஐந்தாறு நாள் கூடாரம் போட்டுத் தங்குவார்கள். (அங்கே லைசென்ஸ், சீசன் எல்லாம் உண்டு. நம் ஊரில் 1972 சட்டம் இருக்கிறது, யாரும் கிளம்பிவிடாதீர்கள்.)

இந்த வேட்டைக்காரர்களுக்குப் போன் சார்ஜ் தீராமல் இருக்க என்னென்ன விற்கிறார்கள் என்று ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பி.காம். படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். விலைப்பட்டியல் இருக்கிற இடத்தில் எல்லாம் எங்களுக்கு வேலை உண்டு. பார்த்ததில் வயிறு எரிகிறது, அதனால்தான் இந்தப் பதிவு.

முதல் ஏமாற்று, பவர் பேங்க் முதுகிலேயே ஒரு குட்டி சோலார் தகடு ஒட்டி விற்பது. கணக்குப் போடுவோம். 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் என்றால் 3.7 வோல்ட்டால் பெருக்க 37 வாட் ஹவர். அந்த உள்ளங்கை அகலத் தகடு உச்சி வெயிலில் தருவது ஒன்றரை வாட் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 37ஐ ஒன்றரையால் வகுத்தால் கிட்டத்தட்ட 25 மணி நேரம், அதுவும் மேகமே இல்லாத வெயிலில், ஒரு துளி நஷ்டம் இல்லாமல். அதாவது பேங்க் ஒருமுறை நிறைவதற்குள் வேட்டையே முடிந்து ஆள் வீட்டுக்குப் போயிருப்பான்.

சரி, பெரிய மடக்குப் பேனல் வாங்கினால்? 20 வாட் என்று அட்டையில் போட்டிருக்கும். எடை அரைக் கிலோவை நெருங்கும். அக்டோபர் கடைசியில் கொலராடோ அட்சரேகையில் நடுப்பகலிலேயே சூரியன் 38 டிகிரிக்கு மேல் ஏறாது. பேனலைத் தரையில் விரித்துப் போட்டால் அந்த உச்சி நேரத்திலும் முக்கால் பங்கு கூடக் கிடைக்காது. பைக்குப் பின்னால் தொங்கவிட்டு நடந்தால் அது பாதி நேரம் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும். இதைவிட முக்கியமான விஷயம், எல்க் பகலில் எங்கே படுத்திருக்கும்? வடக்குச் சரிவில், அடர்ந்த ஊசியிலை மரங்களுக்குள், நிழலில். வேட்டைக்காரனும் அங்கேதான் இருந்தாக வேண்டும். பேனலில் செல்கள் வரிசையாகக் கோர்க்கப்பட்டிருப்பதால், ஒரு கிளையின் நிழல் ஒரு மூலையில் விழுந்தாலே மொத்த வரத்தும் படுத்துவிடும். பேனலுக்கு வேண்டியது வெட்டவெளி, வேட்டைக்கு வேண்டியது இருட்டுக் காடு. இந்த இரண்டையும் ஒரே ஆளுக்கு எப்படி ஐயா விற்கிறீர்கள்?

வரவு போதவில்லை என்றால் செலவைப் பார் என்பது எங்கள் முதலாமாண்டுப் பாடம். போனில் பெரிய செலவாளி, டவர் இல்லாத இடத்தில் டவரைத் தேடித் தேடிக் கத்திக்கொண்டே இருக்கும் அந்த ரேடியோதான். ஃபிளைட் மோடில் போட்டால் அது வாயை மூடும். ஜி.பி.எஸ். நின்றுவிடுமே என்று இன்னும் பலர் பயப்படுகிறார்கள். நிற்காது. ஜி.பி.எஸ். 20,000 கிலோமீட்டர் மேலேயிருந்து வரும் சமிக்ஞையைக் கேட்கும் வேலைதான், போன் எதையும் அனுப்புவதில்லை. இப்போதைய போன்களில் ஃபிளைட் மோடிலும் அது ஓடும். வரைபடத்தை வீட்டிலேயே இறக்கிவைத்துக்கொண்டால் போதும். அப்படி வைத்துக்கொண்டு ஒரு நாளைக்குக் கால் பங்கு பேட்டரி செலவானாலும் ஐந்து நாளைக்கு ஒன்றேகால் பேட்டரி. போனில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. 200 கிராம் எடையுள்ள சாதாரண பவர் பேங்க், நஷ்டம் போக, இன்னும் இரண்டு தரும். கையில் மூன்று, தேவை ஒன்றேகால். பேனலுக்கு எங்கே இடம்?

குளிரைப் பற்றி மட்டும் எச்சரிக்கை. அந்த மலைகளில் 3,000 மீட்டருக்கு மேல் அக்டோபர் இரவு என்றால் பூஜ்யத்துக்குக் கீழேதான். லித்தியம் பேட்டரி குளிரில் சுருண்டுவிடும், 30 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த போன் சட்டென்று அணையும். உறைந்த நிலையில் சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெடும். மருந்து? பகலில் சட்டையின் உள்பை, இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள் காலடி. இதற்குப் பைசா செலவில்லை. அதனால்தான் விமர்சனம் எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் முடித்துவிட்டு பேனலுக்கு இரண்டு பக்கம் ஒதுக்குகிறார்கள்.

'உண்மையான மலைக்காரன் போனே எடுத்துப்போக மாட்டான்' என்று மீசை முறுக்கும் கட்சி ஒன்றும் அங்கே இருக்கிறது. அவர்களோடும் எனக்கு ஒத்துவராது. வயோமிங்கில் ரயில்வேக்குக் கொடுத்த பழைய மானியத்தால் நிலம் சதுரங்கப் பலகை மாதிரி கிடக்கிறது. ஒரு சதுர மைல் அரசுடையது, அடுத்தது தனியாருடையது. 2021இல் எல்க் மவுண்டனில் மிசௌரியைச் சேர்ந்த நான்கு வேட்டைக்காரர்கள் போன் வரைபடத்தை வைத்துக்கொண்டு அரசு நிலத்தின் மூலையிலிருந்து எதிர்மூலைக்கு ஏணி போட்டுத் தாண்டினார்கள். நில உரிமையாளர் 70 லட்சம் டாலருக்கு மேல் இழப்பு என்று வழக்குப் போட்டார். 2025 மார்ச்சில்தான் மேல்முறையீட்டு நீதிமன்றம் வேட்டைக்காரர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கண்ணுக்குத் தெரியாத கோட்டுக்கு இவ்வளவு விலை என்றால் போன் வேண்டும்தான்.

என் சண்டை வேறு. வழி, எல்லைக் கோடு, டார்ச், கேமரா, உயிர் காக்கும் அழைப்பு, அத்தனையையும் ஒரே பேட்டரியில் ஏற்றிவிட்டார்கள். ஆரிகனில் 2019 முதல் வேட்டை டேக்கையே போனில் வைத்துக்கொள்ளலாம். மானைச் சுட்டதும் அங்கேயே செயலியில் பதிய வேண்டும். அந்த நேரத்தை யோசித்துப் பாருங்கள். மாலை மங்கும்போது மான் விழுகிறது. இருட்டில் அறுத்து, இறைச்சியை நாலைந்து நடையாகக் கூடாரத்துக்குச் சுமக்க வேண்டும். கை விறைக்கிறது. பதிவும் போனில், வழியும் போனில், வெளிச்சமும் போனில். கணுக்கால் பிசகினால் கூப்பிடுவதும் போனில். 2022 நவம்பரில் ஐபோன் 14இல் செயற்கைக்கோள் வழி அவசர அழைப்பு வந்ததும் 'இனி வேறு கருவி வேண்டாம்' என்று எழுதித் தள்ளினார்கள். அடேங்கப்பா! அதுவும் அதே பேட்டரியில்தானே ஓடுகிறது?

காகித டேக் வாங்கட்டும், ஆரிகனில் அது இன்றும் கிடைக்கிறது. வெளிச்சத்துக்குத் தனியாக ஒரு தலைவிளக்கு. அமெரிக்க அரசின் நிலத் துறை வெளியிடும் 1:1,00,000 அளவு வரைபடத்தில் எது பொது நிலம், எது தனியார் என்று நிறம் பிரித்தே காட்டியிருக்கும். மூலையைத் துல்லியமாகக் காட்டாது, வீட்டுக்கு வழி காட்டும். உயிருக்கு, 406 மெகாஹெர்ட்ஸ் பீக்கன் ஒன்று. மாதச் சந்தா கிடையாது, பேட்டரி வருடக்கணக்கில் தொடாமல் காத்திருக்கும், எடை சுமார் 150 கிராம். பவர் பேங்க் 200, பீக்கன் 150, வரைபடம் ஒரு 100 என்று கூட்டினால் 450 கிராம். பேனலை வீட்டில் விட்டதில் மிச்சமான 50 கிராமுக்குக் கடலைமிட்டாய் எடுத்துப்போகட்டும், குளிருக்கு நல்லது.