திசை சொல்லாத பெட்டி

2025 நவம்பர் 4 அன்று அறிவிக்கையான தனிப் பொருளாதார மண்டல மீன்பிடி விதிகளில் நம் இதழ் எந்தப் பக்கம் என்று பல துறைமுகங்களிலிருந்து கேட்டிருந்தீர்கள். அனுமதிச் சீட்டு, இணையப் பதிவு பற்றியெல்லாம் மீனவர் சங்கங்கள் பேசும். படகுகளில் ரேடியோ பொருத்தும் நம் தொழிலைத் தொடுவது, டிரான்ஸ்பாண்டர் கட்டாயம் என்ற ஏற்பாடு. அதை இந்த இதழ் ஆதரிக்கிறது.

காரணத்தை நீட்ட வேண்டியதில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது தங்கல் படகுகள் வயர்லெஸ் எட்டாத ஆழ்கடலில் கிடந்தன. கரையில் எச்சரிக்கை இருந்தது. அதைக் கொண்டுசேர்க்க வழி இல்லை. செயற்கைக்கோள் வழியாக இருபக்கமும் செய்தி போய்வரும் பெட்டி அன்று இருந்திருந்தால் எத்தனையோ படகுகள் திரும்பியிருக்கும். ஆகவே பொருத்துங்கள், நன்றாகப் பொருத்துங்கள். பேட்டரியிலிருந்து தனி லைன், தனி ஃபியூஸ். ஆன்டெனாவுக்கு மேலே வின்ச்சோ கூரையோ வானத்தை மறைக்கக் கூடாது.

ஆனால் இந்தப் பெட்டி பேசுவது வானத்தோடு மட்டும். அதன் குரல் கரைக்குப் போய், கரை யாருக்காவது சொல்லி, அவர்கள் புறப்பட வேண்டும். நான்கு மைல் தள்ளி வலை வாங்கிக்கொண்டிருக்கும் படகின் ஏரியலில் ஒரு சிறு இரைச்சல்கூட விழாது. கடலில் ஆளைத் தூக்குவது பெரும்பாலும் அந்தப் பக்கத்துப் படகுதான். ஒக்கியிலும் தூத்தூர் பகுதி மீனவர்கள் காத்திருந்து பார்த்துவிட்டு, தங்கள் படகுகளிலேயே தேடப் போனார்கள்.

போகிறவனுக்கு வேண்டியது திசை. கரை அனுப்பும் அட்சரேகை, தீர்க்கரேகை, அந்தச் செய்தி கிளம்பிய நிமிடத்துக்கு உரியது. இரண்டு நாட் நீரோட்டத்தில் மூன்று மணி நேரம் மிதந்தவன் ஆறு மைல் தள்ளி இருப்பான். ஃபைபர் படகு கவிழ்ந்தால் பெட்டி தண்ணீருக்குள். அதற்கு வானமே தெரியாது. இரவில் தவறி விழுந்தவனோடு பெட்டி கடலில் குதிப்பதில்லை. ஜிபிஎஸ் சிக்னலையே குலைக்கும் வேலை வளைகுடாவில் நடக்கிறது. நம் குமரிப் பிள்ளைகள் அங்கேயும் படகில் இருக்கிறார்கள்.

பெரிய கப்பல்களுக்குச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு என்ன செய்தது என்று பாருங்கள். 2022 ஜூலை 1 முதல் பொருத்தும் எபிர்ப் என்ற அபாய பீக்கன்களில் ஜிஎன்எஸ்எஸ் ரிசீவரும் ஏஐஎஸ் சிக்னலும் வேண்டும் என்றது. 121.5 மெகாஹெர்ட்ஸ் ஹோமிங்கை எடுக்கவில்லை. அந்த அலைவரிசையைச் செயற்கைக்கோள்கள் கேட்பதை 2009 பிப்ரவரி 1 அன்றே நிறுத்திவிட்டன. ஆனாலும் விட்டுவைத்தார்கள். ஏஐஎஸ் தரும் இடம், பீக்கன் தானே சொல்லும் இடம். ஹோமிங்கில் தேடுகிறவனே இடத்தைக் கண்டுபிடிக்கிறான். பீக்கனுக்குத் தன் இடம் தெரிய வேண்டும் என்பதில்லை. கப்பல்காரனுக்கு இரண்டும் தேவை என்றால் ஃபைபர்காரனுக்கு ஒன்று போதும் என்று முடிவுசெய்தவர் யார்?

எட்டு வருடமாக இதே பக்கத்தில் எழுதிவருகிறேன், மறுபடியும் எழுதுகிறேன். 156.8 மெகாஹெர்ட்ஸில், அதாவது சேனல் 16இல், திசைகாண நம்மால் இன்றே முடியும். இரண்டு டைபோல், முக்கால் மீட்டர் இடைவெளி, சம நீளக் கோஆக்ஸ், இரண்டு டயோடு, ஒரு 555 ஐசி. ஏரியல்கள் இரண்டும் சிக்னலுக்கு நேர்முகமானதும் ஸ்பீக்கரில் அந்த 'ஙொய்' ஒலி அடங்கும். முன்னா பின்னா என்ற சந்தேகம் வரும். அதற்கும் வழி உண்டு: அந்த நேர்முகத் திசைக் கோட்டுக்குக் குறுக்கே வலப்பக்கம் இரண்டு மைல் ஓடுங்கள். கோடு இடச்சுற்றாகத் திரும்பினால் ஆள் முன்னே, வலச்சுற்றானால் பின்னே. 27 டிகிரி திரும்பியிருந்தால், முதல் கோட்டில் நீங்கள் நின்ற இடத்திலிருந்து நான்கு மைல். ஐந்து டிகிரி தப்பாகப் படித்திருந்தாலும் மூன்றேகாலிலிருந்து ஐந்துக்குள். எட்டு நாட் படகுக்கு அந்த இரண்டு மைல் ஓட்டம் கால் மணி நேர வேலை. ஒன்பது மீட்டர் மாஸ்ட்டும் ஒரு மீட்டர் உயரத்தில் பிடித்த கைசெட்டும் ஏறத்தாழ பதினாறு கிலோமீட்டர் வரை பேசிக்கொள்ளும். தேடலின் கடைசிக் கட்டத்துக்கு இது தாராளம்.

சென்ற ஆண்டு ஒரு துறைமுகத்தில் பயிற்சி நடத்தினோம். உரிமம் உள்ள ஒரு செட்டை எங்கேயோ நிறுத்தியிருந்த வள்ளத்தில் வைத்து, வேலைக்கான சேனல் ஒன்றில் பேச்சு விட்டோம். பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் கையில் வெறும் கைசெட் மட்டும். ஸ்குவெல்ச்சைத் திறந்து, செட்டை நெஞ்சோடு அணைத்து, பாதத்தை நகர்த்தி நகர்த்தித் தன்னையே ஒரு சுற்று திருப்பினான். இரைச்சல் ஏறிய இடத்தில் நின்று, தன் முதுகுப் பக்கம் கை நீட்டினான். கிட்டே போனதும் சிக்னல் எல்லாப் பக்கமும் ஒரே பலமாக வந்தது. யாரும் சொல்லாமலே ஏரியலைக் கழற்றிவிட்டுத் திரும்பச் சுற்றினான். மூன்றாவது வரிசையில் இருந்த வள்ளத்தைத் தொட்டுக் காட்டினான். அவன் அப்பா எதுவும் பேசவில்லை. செட்டை வாங்கித் தானும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

இந்தப் பயிற்சியை ஒவ்வொரு துறைமுகத்திலும் நடத்த அனுமதி கேட்டு ஓர் அலுவலகத்துக்கு நான்கு மனு போட்டோம். முதலுக்குப் பதில் இல்லை. இரண்டாவது வேறு துறைக்குப் போனது. மூன்றாவதற்கு, 'இடம் தானாகவே தெரியும்போது திசை எதற்கு' என்று வாய்மொழியாகக் கேட்டார்கள். நான்காவதன் ரசீது எண்ணை இன்னும் வைத்திருக்கிறேன். ஒருநாளும் நீரில் கிடந்து தலைக்கு மேல் சுற்றும் படகைக் கூப்பிட்டுப் பார்க்காதவர்கள் எழுதும் குறிப்பில் நம் ஆட்கள் கடலுக்குப் போகிறார்கள். எனக்கு இதில் கோபம் இருக்கிறது, மறைக்க மாட்டேன்.

விதியைத் திருத்தும்வரை காத்திருக்க வேண்டாம். டிரான்ஸ்பாண்டர் பொருத்த உங்களிடம் வரும் ஒவ்வொரு படகிலும், வேலை முடிந்ததும் ஸ்ராங்கைக் கூப்பிட்டு நெஞ்சோடு செட்டைப் பிடித்துச் சுற்றச் சொல்லிக்கொடுங்கள். பத்து நிமிடம் ஆகும். அதற்குக் கூலி வாங்க வேண்டாம்.