உத்தரவு கைக்கு வருமுன் முடிந்த கெடு

திவால் வழக்கில் மேல்முறையீடு காலங்கடந்ததென்று தள்ளுபடியானால், குற்றம் வழக்காடியவருடையதே என்பது நீதிமன்ற வட்டாரத்திலும் வணிக உலகிலும் ஊறிப்போன நம்பிக்கை. அசட்டையாக இருந்தார், இழந்தார் என்று பேச்சு முடிந்துவிடுகிறது. இந்த நம்பிக்கை அநியாயமானது.

2016ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தின் 61ஆம் பிரிவு மேல்முறையீட்டுக்கு 30 நாள் தருகிறது; உத்தரவு அறிவித்த நாளிலிருந்தே கணக்கு. தக்க காரணம் காட்டினால் மேலும் 15 நாள். 46ஆம் நாள் எவ்வளவு நியாயத்தோடு வந்தாலும் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு மன்னிக்கும் அதிகாரம் இல்லை. அதே தீர்ப்பாயத்துக்கு நிறுவனச் சட்டத்தின்படி போகிறவருக்கோ, உத்தரவின் நகல் கிடைத்த நாளிலிருந்துதான் கணக்குத் தொடங்கும்.

இதன் கொடுமையை ‘வி. நாகராஜன் எதிர் எஸ்.கே.எஸ். இஸ்பாத்’ வழக்கு காட்டுகிறது. திருச்சிக் கொதிகலன் நிறுவனம் ஒன்றின் திவால் விவகாரத்தில் சென்னைத் தீர்ப்பாயம் 2019 டிசம்பர் 31 அன்று உத்தரவை அறிவித்தது. 45 நாள் கெடு 2020 பிப்ரவரி 14 அன்று தீர்ந்தது. உத்தரவு வலைத்தளத்தில் ஏறியதோ மார்ச் 12 அன்று. அதிலும் நீதிபதியின் பெயர் பிழையாக இருந்ததால், திருத்திய உத்தரவு மார்ச் 20 வரை வரவில்லை. ஜூனில் நாகராஜன் போட்ட மேல்முறையீடு தள்ளுபடியானது. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. சான்றிட்ட நகலுக்கு மனுப் போடவில்லை என்பதே அவர்மேல் சொன்ன குறை. மனுப் போட்டிருந்தால் நகல் தயாராகும் நாள்கள் கெடுவிலிருந்து கழிக்கப்பட்டிருக்கும். ஆனால் தரப்பினருக்கு இலவச நகல் தரவேண்டிய பொறுப்பைத் தீர்ப்பாயத்தின் விதியே பதிவகத்தின்மேல் சுமத்துகிறது. எழுபது நாளுக்குமேல் உத்தரவை வெளியிடாத தீர்ப்பாயத்துக்கு ஒரு தண்டனையும் இல்லை. காரணங்களைப் படிக்காமலே அவற்றை எதிர்த்து எழுதியிருக்க வேண்டியவர் மட்டும் அசட்டைக்காரர்.

விரைவுதான் திவால் சட்டத்தின் உயிர் என்று பதில் வரும். அந்த விரைவு எல்லோருக்கும் பொதுவாக இருந்ததா? 2019 நவம்பரில், எஸ்ஸார் ஸ்டீல் வழக்கில், திவால் நடவடிக்கையை முடிப்பதற்கான 330 நாள் வரம்போடு இருந்த ‘கட்டாயமாக’ என்ற சொல்லையே உச்ச நீதிமன்றம் அடித்தது. தீர்ப்பாயத்தின் தாமதத்துக்கு வழக்காடுபவர் பலியாகக் கூடாது என்பதே அங்கே சொன்ன காரணம். பெரிய உருக்காலைக்குப் பொருந்திய அந்த நியாயம் திருச்சி வழக்குக்கும் பொருந்தியிருக்க வேண்டும்.

கெடுவுக்குள் வந்தாலும் தொல்லை ஓயாது. மங்கிய பக்கம், விடுபட்ட பக்க எண், கையொப்பமில்லாத இணைப்பு என்று பதிவகம் குறைகளை அடுக்கும். சரிசெய்ய ஏழு நாள். 2021 ஜனவரியில் மேல்முறையீட்டு அமர்வு சென்னைக்கு வரும்வரை இதற்கும் டெல்லிக்கே அலைய வேண்டியிருந்தது. சம்பள பாக்கிக்காகக் காத்திருக்கும் ஆலைத் தொழிலாளிக்கு அந்தப் பயணச் செலவே எட்டாதது.

2023இல் உச்ச நீதிமன்றம் கொஞ்சம் இறங்கிவந்தது: விசாரணை நாளில் அறிவிக்கப்படாத உத்தரவுக்கு, வலைத்தளத்தில் ஏறிய நாளிலிருந்து கணக்கு. வாயால் அறிவித்துவிட்டு எழுத்தைப் பிறகு தரும் உத்தரவுகளை இந்தச் சலுகை தொடவில்லை. அதற்கு 61ஆம் பிரிவிலேயே ‘நகல் கிடைத்த நாளிலிருந்து’ என்று நாடாளுமன்றம் எழுதவேண்டும்.