ஆவணம் கேட்கும் அறிஞருக்கு

நண்பரின் நீண்ட கட்டுரையை இப்படிச் சுருக்கிவிடலாம்: ஆவணம் இல்லாத பெண்ணை வரலாற்றுக்குள் நுழைக்கக் கூடாது, காலப் பயணக் கதை எழுதுகிறவர்கள் அந்தக் குற்றத்தைத்தான் செய்கிறார்கள். மீதியெல்லாம் அடைமொழி.

கனமூலையில் இருந்துகொண்டு இப்படி எழுதத் தனித் துணிச்சல் வேண்டும். பக்கத்திலேயே புத்தளம். 1344இல் பயணி இப்னு பதூதா அங்கேதான் கரையிறங்கினார், ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டார். பாவா ஆதம் மலை ஏறித் திரும்பி, அங்கிருந்தே எதிர்க்கரைக்குக் கப்பலேறினார். கரையை நெருங்கும் நேரத்தில் கப்பல் மோசம் போயிற்று. தெப்பத்தில் எல்லாருக்கும் இடமில்லை. அவரோடு இருந்த அடிமைப் பெண்கள் இருவரில் ஒருத்தி, தனக்கு நீச்சல் தெரியும், தெப்பக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவேன் என்றாள். அவருடைய பயண நூலில் கப்பல் தலைவர் இப்ராஹீமுக்குப் பெயர் இருக்கிறது. அவளுக்கு இல்லை. ஆவணம் இருக்கிறது நண்பரே, ஆளும் இருக்கிறாள், அவள் பேச்சும் இருக்கிறது. பெயர் எழுதத்தான் எவருக்கும் மனம் வரவில்லை. அந்தப் பெயரைத் தேடி ஒரு கதைக்காரி கடலில் இறங்கினால் உங்களுக்கு ஏன் மூச்சு முட்டுகிறது?

அடுத்தது, விஜயன் மணந்த குவேனி. விஜயன் இறங்கிய தம்பபண்ணி இந்தக் கரையோரம்தான் என்று சொல்வோர் பலர். மரபு சொல்லும் அவன் வருகைக்கும் மகாவம்சத்துக்கும் இடையில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு. அதை எழுதிய அநுராதபுரத்து மகாநாம தேரர் அத்தனை ஆண்டையும் தாண்டிப் போய், மரத்தடியில் நூல் நூற்ற குவேனியைப் பார்த்ததோடு நிற்காமல், அவள் பேசியதையும் கேட்டு வந்திருக்கிறார். எந்த இயந்திரத்தில் போனாராம்? அதை வரலாறு என்று மேற்கோள் காட்டுகிறவர், இன்றைக்கு ஒரு பெண் அதே குவேனியிடம் போனால் மட்டும் சிவப்பு மையை எடுக்கிறார். இவளாவது முகப்பிலேயே 'புனைவு' என்று போட்டுவிடுகிறாள்.

நண்பருக்குக் காலப் பயணம் வெறும் பொழுதுபோக்காம். 'இன்று நேற்று நாளை' படத்தோடு நிறுத்திக்கொண்டார் போலிருக்கிறது. அதில் தொலைந்த சாமானைக் கண்டுபிடித்துக் காசு பார்ப்பார்கள். ஒக்டேவியா பட்லரின் 'கின்ட்ரெட்' நாவல் 1979இல் வந்தது. 1976இல் வாழும் கறுப்பினப் பெண் டேனா, மேரிலாந்தின் அடிமைத் தோட்டத்துக்கு இழுக்கப்படுகிறாள். தன் வம்சம் பிறக்க வேண்டுமே என்று, வன்கொடுமை செய்பவனையே திரும்பத் திரும்பக் காப்பாற்றுகிறாள். கடைசியில் ஒரு கையை இழந்துதான் வீடு வந்து சேர்கிறாள். இதில் யாருக்குப் பொழுது போகிறது?

நண்பர் தன் சட்டத்தை வீட்டிலிருந்தே தொடங்கலாம். அவருடைய உம்மாவின் உம்மாவின் உம்மாவுக்கு ஆவணம் தேடட்டும். கிடைக்காவிட்டால், தான் எப்படிப் பிறந்தார் என்பதை அடுத்த கட்டுரையில் விளக்கட்டும்.