செயின் கழன்றால் நாங்களே மாட்டுவோம்

எங்கட பச்சின் வட்ஸ்அப் குழுவில் போன மாதம் ஒரு வீடியோ சுற்றியது. ஐரோப்பாவில் ஏதோ ஒரு நகரம். வெள்ளைக் காற்சட்டை போட்ட ஒருவர் சத்தமே இல்லாமல் சைக்கிள் ஓடுகிறார். சைக்கிளில் செயின் இல்லை. செயின் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு பெல்ற். ஒயில் விடத் தேவையில்லை, கறள் பிடிக்காது, கையில் அழுக்குப் படாது. கீழே எங்கட ஆக்களின் கருத்துகள்: "செயினுக்கு இனிச் சங்குதான்." "உலகம் எங்க போயிட்டுது, நாங்கள் இன்னும் 1880இல நிக்கிறம்."

1880 என்று எழுதிய தம்பி தெரிந்து எழுதினாரோ தெரியாமல் எழுதினாரோ, கணக்குச் சரி. சுவிற்சர்லாந்தில் பிறந்து மன்செஸ்ரரில் தொழில் செய்த ஹான்ஸ் றெனோல்ட் உருளைச் செயினுக்குக் காப்புரிமை எடுத்தது 1880இல். ஐந்து வருடம் கழித்து, 1885இல், ஜோன் கெம்ப் ஸ்ராளி 'றோவர்' சைக்கிளைக் கொண்டுவந்தார். ஏறக்குறைய ஒரே அளவான இரண்டு சில்லு, நடுவில் பெடல், பின்சில்லுக்குச் செயின். இன்றைக்கு நாங்கள் ஓடுகிற சைக்கிளும் அடிப்படையில் அதுதான். ஆக, நாங்கள் 1880இலதான் நிற்கிறோம். அது வெட்கப்பட வேண்டிய விஷயமா என்பதுதான் கேள்வி. இல்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறோம். பெல்ற் நல்ல பொருள். பொலியூறித்தேனுக்குள் காபன் நார் இழைகளை ஓடவிட்டு, உட்பக்கம் பல் வைத்துச் செய்கிறார்கள். அது கறள் பிடிக்காது. கடற்கரையோரம் இருக்கிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. உப்புக்காற்றில் ஒரு மாரி விட்டுவைத்த செயின் எப்படிச் சிவந்துபோகும் என்று குருநகரிலோ வல்வெட்டித்துறையிலோ போய்க் கேட்டால் தெரியும். செயினை விட இரண்டு மூன்று மடங்கு காலம் உழைக்கும் என்று செய்கிறவர்கள் சொல்கிறார்கள். நாங்கள் அதை மறுக்கவில்லை.

எங்கட வாதம் வேறு. ஒரு பொருள் பழுதாகாமல் உழைப்பது பெரிய விஷயம்தான். ஆனால் பழுதான அன்றைக்கு அதை யார் திருத்துவது? வீடியோக்காரர் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அவருடைய தெருவில் அதற்குக் கடை இருக்கும். எங்கட தெருவில்?

செயின் என்பது நூற்றுச் சொச்சம் கண்ணிகள். ஒரு ஆணியில் இருந்து அடுத்த ஆணிக்கு அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீற்றர். இந்த அரை அங்குலத்தைத்தான் நாங்கள் கொண்டாட வேண்டும். நூறு வருசத்துக்கு மேலாக உலகம் முழுக்கச் சைக்கிள் செயின் அநேகமாக இந்த அளவில்தான் செய்யப்படுகிறது. இந்தியாவில் செய்த செயின், சீனாவில் செய்த பற்சில்லு, அப்பப்பா வாங்கின இங்கிலாந்துச் சைக்கிள், மூன்றும் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகும். ஒரு கண்ணி போனால் ஒரு கண்ணியை மாற்றலாம். நீளம் கூடினால் ஒன்றைக் கழற்றலாம். அறுந்தால் ஆணியைத் தட்டி எடுத்து, திரும்பப் பொருத்தி, தட்டி விடலாம். போன தவணைச் சோதனையன்று காலமை எங்களில் ஒருவருக்குத் திருநெல்வேலிச் சந்தியடியில் செயின் அறுந்தது. தெருவோரத்தில் சாக்கு விரித்து இருந்த ஐயா ஒருத்தர், ஒரு சுத்தியல், ஒரு ஆணி, ஒரு இரும்புக் கட்டை, அவ்வளவையும் வைத்துக்கொண்டு பத்து நிமிசத்தில் அனுப்பி விட்டார். சோதனைக்கும் நேரத்துக்குப் போயாச்சு.

பெல்ற் அப்படி இல்லை. அது ஒரே வளையம். கண்ணி இல்லை, லொக் இல்லை, கழற்றிப் பூட்ட முடியாது. அந்த வளையத்தைப் பின்சில்லுக்குப் போடுவதென்றால் சைக்கிளின் சட்டமே ஒரு இடத்தில் திறக்க வேண்டும். அதனால் பெல்ற் சைக்கிளின் பின் சட்டத்தில் வலப்பக்கம் பிரித்துப் பூட்டுகிற மாதிரி ஒரு வாய் வைத்துச் செய்கிறார்கள். எங்கட வீட்டுச் சைக்கிள்களில் அந்த வாய் கிடையாது. வெட்டி ஒட்டினால்தான் உண்டு. நீளத்தையும் கூட்டிக் குறைக்க ஏலாது. முன்பல்லையோ பின்பல்லையோ மாற்ற நினைத்தால் வேறு நீளத்தில் வேறு பெல்ற் தேட வேண்டும். மலையேறுகிற சைக்கிள்களில் செயினைப் பல்லுக்குப் பல் தள்ளிவிடுகிற கியர் இதற்குச் சரிவராது. ஒன்றில் கியரே இல்லாமல் ஓட வேண்டும், அல்லது பின்சில்லின் நடுவுக்குள் கியர் வைத்தது போன்ற விலை கூடின சாமான் வேண்டும்.

இழுவையும் மிகச் சரியாக இருக்க வேண்டும். தளர்ந்தால் பல் தாண்டும். இறுக்கினால் பெயாரிங் தேயும், மிதிக்கவும் பாரம். அந்த இழுவையை அளக்கத் தொலைபேசியில் ஒரு செயலி இருக்கிறது. பெல்ற்றை வீணைத் தந்தி மாதிரிச் சுண்டிவிட்டால் சத்தத்தைக் கேட்டு அளவு சொல்லும். கெட்டித்தனம்தான். ஆனால் சாக்கு விரித்திருக்கிற ஐயாவின் விரலுக்கு இருக்கிற அறிவை அந்தச் செயலி வேண்டாம் என்கிறது. அதோடு பெல்ற்றை மடிக்கக்கூடாது, முறுக்கக்கூடாது. உள்ளே இருக்கிற காபன் இழை முறிந்தால் வெளியில் தெரியாது, ஒரு நாள் சடக்கென்று போகும்.

எங்கட நண்பர் ஒருவரின் மாமா வெளிநாட்டில் இருந்து அப்படி ஒரு சைக்கிள் கொண்டுவந்து கொடுத்தார். ஒன்றரை வருசம் நல்லாத்தான் ஓடியது. பிறகு பெல்ற் போனது. யாழ்ப்பாணம் முழுக்கத் தேடியாச்சு, கொழும்பிலும் கேட்டாச்சு. வெளியில் இருந்து எடுப்பிக்கிறதென்றால் கூலியோடு சேர்த்து வருகிற விலைக்கு இங்கே ஒரு பழைய சைக்கிளே வாங்கலாம். இப்போது அது விறாந்தையில் நிற்கிறது. கரியலில் உடுப்புக் காயப் போடுகிறார்கள். இரண்டு சில்லும் நல்லம், பிறேக் நல்லம், சட்டம் நல்லம். ஒரு வளையம் இல்லை என்பதால் முழுச் சைக்கிளும் இல்லை.

இதை எழுதத் தொடங்கியபோது எங்களுக்குள்ளேயே சண்டை வந்தது. அதை மறைக்கக்கூடாது. குழுவில் இருக்கிற பெண்கள் கேட்டார்கள்: "உங்கட கறுப்பு ஜீன்சில ஒயில் பட்டா ஆருக்குத் தெரியும்? பள்ளிக்கூடக் காலத்தில எங்கட வெள்ளைச் சட்டையில பட்ட கறையை ஆர் தோய்ச்சது? சுடிதார்ச் சால்வை செயினுக்குள்ள போய் நடுறோட்டில விழுந்தது ஆர்?" நாங்கள் கொஞ்ச நேரம் வாயடைத்துப் போனோம். செயினைப் புகழ்ந்து எழுதுகிற அநேகம் பேர் வெள்ளைச் சட்டையோடு அதை ஓடாதவர்கள்.

ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் பெல்ற்தானா? பதில் எங்கட வீடுகளின் கோடிக்குள்ளேயே கிடக்கிறது. அப்பப்பாக்கள் வைத்திருந்த றலி, ஹம்பர் சைக்கிள்களில் செயினை முழுக்க மூடி ஒரு தகரப் பெட்டி இருந்ததைப் பார்த்திருப்பீர்கள். இங்கிலாந்தின் சன்பீம் சைக்கிளில் அந்தப் பெட்டிக்குள் ஒயிலும் விட்டு, செயின் ஒயிலில் குளித்துக்கொண்டே ஓடுகிற மாதிரிச் செய்திருந்தார்கள். நெதர்லாந்தில் இன்றைக்கும் சாதாரண சனம் வேலைக்குப் போகிற சைக்கிள்களில் முழு மூடி இருக்கிறது. மழையிலும் பனியிலும் ஓடுகிறார்கள், பாவாடையோடும் கோட்டோடும் ஓடுகிறார்கள். மூடிக்குள் இருக்கிற செயினுக்குத் தண்ணியும் மண்ணும் படாது. அதனால் அது வருசக்கணக்கில் உழைக்கும்.

அந்த மூடிக்கு என்ன நடந்தது? செலவைக் குறைக்கவும், ஓட்டப்போட்டிச் சைக்கிள் மாதிரி "ஸ்ரைலா" இருக்கவும் கழற்றினார்கள். இப்போது கடைகளில் தொங்குகிற சைக்கிள்களில் மேலால் ஒரு பிளாஸ்ரிக் துண்டு இருந்தால் பெரிய காரியம். முதலில் மூடியைக் கழற்றி எங்கட சட்டையைக் கறையாக்கினார்கள். இப்போது அந்தக் கறைக்கு மருந்து என்று பல மடங்கு விலைக்குப் பெல்ற்றைக் காட்டுகிறார்கள். ஒரு தகரத்தால் தீருகிற பிரச்சினை இது.

"அப்ப நீங்கள் பெல்ற்றுக்கே எதிரியோ?" என்று கேட்பீர்கள். இல்லை. எங்கட அம்மம்மாவின் தையல் மெசினும் பெல்ற்றில்தான் ஓடியது. கால் மிதியில் இருந்து மேலே போகிற தோல் பட்டி. தளர்ந்தால் அம்மம்மா என்ன செய்தா? கத்தியால் ஒரு துண்டு வெட்டி, ஓட்டை போட்டு, கம்பிக் கொளுக்கியால் திரும்ப இணைத்தா. கொம்பனிக்குக் கடிதம் எழுதவில்லை. தெருவில் ஓடுகிற ஸ்கூட்டிகளுக்குள்ளும் பெல்ற்தான் இருக்கிறது. அது அறுந்தால் வெட்டி ஒட்ட முடியாது. ஆனாலும் ஸ்கூட்டி விறாந்தையில் நிற்பதில்லை. ஆயிரக்கணக்கில் ஓடுவதால் ஊருக்கு ஊர் கடையில் அந்தப் பெல்ற் தொங்குகிறது. ஆகவே பெல்ற் என்ற பொருளோடு எங்களுக்கு ஒரு பகையும் இல்லை. வெட்டி இணைக்கவும் முடியாது, பக்கத்துக் கடையிலும் கிடைக்காது, இன்னொரு கொம்பனியின் சாமானும் பொருந்தாது. இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்கிற இடத்தில்தான் பிரச்சினை.

கொம்பனியையே நம்பியிருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஐரோப்பாவிலேயே உதாரணம் இருக்கிறது. 2023 ஜூலையில் நெதர்லாந்தின் வான்மூஃப் என்ற மின்சைக்கிள் கொம்பனி வங்குரோத்தானது. அந்தக் கொம்பனிக்கென்றே செய்த பாகங்கள், அந்தக் கொம்பனியின் செயலி. சாதாரண சைக்கிள் கடைக்காரர்கள் கை வைக்கத் தயங்கினார்கள். காசு கொடுத்து வாங்கின சைக்கிளின் டிஜிற்றல் சாவியைத் தங்கட தொலைபேசியில் சேமித்து வைக்க ஓட்டுநர்கள் அந்தரப்பட்டார்கள். அங்கேயே அப்படி என்றால், கப்பலில் சாமான் வந்தால்தான் உண்டு என்கிற எங்கட தீவில்?

இது வெறும் பயம் இல்லை. எங்களுக்கு அனுபவம் இருக்கிறது. 1990இல் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் இல்லாமல் போனபோது, ஊரையே சைக்கிள்தான் சுமந்தது. விறகு, நெல்லு மூட்டை, நோயாளி, பிள்ளைத்தாய்ச்சி, எல்லாம் கரியலில். பற்றறி இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்ட கதையை அப்பாமார் இன்னும் சொல்கிறார்கள். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் வெளிக்கிட்டபோது, வீட்டைச் சைக்கிளில் கட்டி உருட்டிக்கொண்டு நாவற்குழிப் பாலம் தாண்டினார்கள். அந்தச் சைக்கிள்களைத் தொடர்ந்து ஓட வைத்தது சுத்தியலும், ஆணியும், கழற்றி இன்னொன்றில் பூட்டக்கூடிய கண்ணிகளும்தான்.

2022இல் அது எங்கட காலத்திலேயே திரும்பி வந்தது. பெற்றோல் வரிசை நாள் கணக்கில் நீண்டபோது, கோடிக்குள் கிடந்த சைக்கிள்களை எல்லோரும் இழுத்து எடுத்தோம். செயின் கறள் கட்டி இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெயில் ஊறப்போட வேண்டும், மண்ணெண்ணெய்க்கும் வரிசை. தேங்காயெண்ணெய் விட்டுத் தேய்த்தவர்களும் எங்களில் உண்டு. இரண்டு பழைய செயினில் நல்ல கண்ணிகளைப் பொறுக்கி ஒரு செயின் ஆக்கினவர்களும் உண்டு. இரண்டு பழைய பெல்ற்றில் இருந்து ஒரு பெல்ற் ஆக்க முடியாது.

ஆகவே எங்கட நிலைப்பாட்டை நேரடியாகவே சொல்கிறோம்.

இங்கே சைக்கிள் விற்கிறவர்கள் முழுச் செயின் மூடியைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். பாடசாலைப் பிள்ளைகளுக்கு இலவசமாகச் சைக்கிள் கொடுக்கிற அமைப்புகள், அடுத்த தடவை படம் எடுக்க முதல், மூடி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெல்ற் வரட்டும், தாராளமாக வரட்டும். ஆனால் இணைத்துப் பூட்டக்கூடிய பெல்ற்றாக, எல்லாக் கொம்பனிக்கும் பொதுவான அளவோடு, தனிச் சாமானாகக் கடையில் கிடைக்கிற விலையில் வரட்டும். ஆணி போட்டு இணைக்கிற பெல்ற்களும் ஏற்கெனவே செய்யப்படுகின்றன. ஆகவே முடியாது என்று ஒருவரும் சொல்ல ஏலாது. செயினுக்கு அரை அங்குலம் கிடைத்த மாதிரிப் பெல்ற்றுக்கும் ஒரு பொது அளவு கிடைக்கிற அன்றைக்கு, நாங்களே முதலில் வாங்குவோம்.

கடைசியாக எங்களுக்கே ஒரு கண்டனம். சாக்கு விரித்த ஐயாவைப் பற்றி இவ்வளவு எழுதுகிற எங்களில் எத்தனை பேருக்குச் செயின் திருத்தத் தெரியும்? எண்ணிப் பார்த்தோம். பதினொரு பேரில் இரண்டு பேர். இரண்டு பேரும் ஆம்பிளையள். சின்ன வயதில் சைக்கிள் கடையடியில் நின்று பார்க்க ஆருக்கு அனுமதி இருந்தது என்பதை நினைத்தால் காரணம் விளங்கும். திருத்தலாம் என்பது பொருளுக்குள் மட்டும் இருந்தால் போதாது, எங்கட கைக்குள்ளும் வர வேண்டும். ஐயாவுக்குப் பிறகு அந்தச் சாக்கில் ஆர் இருப்பது?

போன சனிக்கிழமை ஒரு பழைய செயினை வாங்கி, கன்ரீனுக்குப் பின்னால் இருந்து, ஆணி தட்டிப் பழகினோம். வெள்ளைச் சட்டைக் கதை சொன்ன தோழிதான் முதலில் சுத்தியலை எடுத்தா. முதல் தடவை அரை மணித்தியாலம், ஒரு விரலிலும் அடி. மூன்றாம் தடவை ஏழு நிமிசம். 1880 என்று எழுதின தம்பி, வாற சனிக்கிழமை நீரும் வாரும். சைக்கிளையும் கொண்டு வாரும்.